சில வாட் போதும் – 6: ரிசீவர் சிறுத்த கதை

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர் ஒருவருக்குச் சட்டம் அனுமதித்த உச்ச சக்தி 1000 வாட். டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குள் செலுத்தப்படும் மின்சக்தியை வைத்து அன்று கணக்கிட்டார்கள். அந்த எல்லை வரை போனவர்களின் மேசைக்கடியில் ஆளையே கொல்லும் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருந்தது. போகாதவர்களில் பலரிடமும் 100 வாட் செட் ஒன்றாவது இருந்தது.

சென்ற பகுதி 1961-ல் நின்றது. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் ஹாரி ப்ளூம்குவிஸ்ட் குறைசக்தி ஹாம்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் 100 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, ஹாம்கள் தாங்களே கட்டிய ஆஸ்கர் 1 செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அதன் டிரான்ஸ்மிட்டர் 140 மில்லிவாட். 28 நாடுகளில் 570-க்கும் மேற்பட்ட ஹாம்கள் அதன் மோர்ஸ் ஒலியைக் கேட்டு அறிக்கை அனுப்பினார்கள்.

இரண்டும் பெரிய செய்திகள்தான். ஆனால் இரண்டிலும் ஓட்டை இருந்தது. 100 வாட் என்பது உண்மையில் குறைந்த சக்தி இல்லை. ஆஸ்கர் வானத்தில் இருந்தது. அதற்கும் கீழே கேட்டவருக்கும் இடையில் மறைப்பு எதுவும் இல்லை. வீட்டு மாடியில் கட்டிய கம்பியிலிருந்து ஒரு வாட்டை அனுப்பினால் கடல் தாண்டுமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை டிரான்ஸ்மிட்டர் பக்கமிருந்து வரவில்லை.

கணக்கு எப்போதும் தயாராக இருந்தது

ரிசீவரில் வரும் சிக்னலின் வலுவை ஹாம்கள் எஸ் அலகில் சொல்வார்கள். எஸ்-1 மிக மெல்லியது, எஸ்-9 வலுவானது. ஒரு அலகு குறைய வேண்டுமானால் சக்தி நான்கில் ஒரு பங்காக வேண்டும்.

1000 வாட்டில் ஒருவருடைய சிக்னல் தூரத்து ஊரில் எஸ்-9 ஆகக் கேட்கிறது என்று கொள்ளலாம். அவர் சக்தியை 5 வாட்டாகக் குறைக்கிறார். 200 மடங்கு குறைவு. கேட்பவரின் மீட்டரில் விழுவது நான்கு அலகுக்கும் சற்றுக் குறைவு. எஸ்-5. மோர்ஸ் படிக்கத் தெரிந்த காதுக்கு எஸ்-5 தாராளம். இன்னும் இறக்கி 1 வாட்டுக்கு வந்தாலும் எஸ்-4 இருக்கும்.

இந்தக் கணக்கு ஹாம்களுக்குப் புதிதல்ல. பெரிய சக்தியால் கிடைக்கும் லாபம், அதற்கு ஆகும் செலவையும் எடையையும் பார்த்தால், அற்பம். ஆனாலும் ஹாம்கள் வாட்டைக் குறைக்கவில்லை.

பிடிவாதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மேசையின் மறுபக்கத்தில் இருந்தது. ஒற்றை டிரான்சிஸ்டரில் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சாயங்காலத்துக்குள் கட்டிவிடலாம். உள்ளங்கையில் அடங்கும், டார்ச் பேட்டரியில் ஓடும். ஆனால் பதில் சொல்பவரைக் கேட்க ரிசீவர் வேண்டுமே? அன்றைய நல்ல ரிசீவர் ஒரு ஆள் தூக்கத் திணறும் இரும்புப் பெட்டி. ஹேமர்லண்ட் எஸ்.பி.-600 போன்றவற்றில் 20 வால்வுகள் இருந்தன. அதைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டுப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டரை வைப்பதில் அர்த்தம் இல்லை.

அந்தப் பெட்டி அத்தனை பெரிதாக இருந்ததற்குக் காரணம் சூப்பர்ஹெட்டரோடைன் முறை. வரும் சிக்னலை முதலில் ஒரு இடைநிலை அதிர்வெண்ணுக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்ற வேண்டும். அங்கே பல கட்டங்களில் பெருக்கி, வடிகட்டி, பிறகு இன்னொரு ஆஸிலேட்டரோடு கலந்து காதுக்குக் கேட்கும் ஒலியாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் காயிலையும் அளவுக்கருவி வைத்துத் திருகிச் சரிசெய்ய வேண்டும். தெரிந்தவர்கள் கட்டினார்கள். மற்றவர்கள் கடையில் வாங்கினார்கள்.

குறைசக்தி ஹாம் வானொலியின் வரலாறு என்று சொல்லப்படுவதில் பாதிக்குமேல் ரிசீவரின் வரலாறுதான்.

நவம்பர் 1968

அமெரிக்க ரேடியோ ரிலே லீகின் மாத இதழ் கியூ.எஸ்.டி. அதன் 1968 நவம்பர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வெஸ் ஹேவர்டு, டிக் பிங்காம். அமெரிக்காவின் வடமேற்கைச் சேர்ந்த இரண்டு ஹாம்கள். நேரடி மாற்றம் என்பது கவனிப்பாரற்றுப் போன ஒரு உத்தி என்று தலைப்பே சொன்னது.

அவர்கள் செய்தது இடைநிலையைத் தூக்கி எறிந்ததுதான்.

7030 கிலோஹெர்ட்ஸில் ஒருவர் மோர்ஸ் அனுப்புகிறார். ரிசீவருக்குள் இருக்கும் ஆஸிலேட்டர் 7029.3 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. இரண்டையும் ஒரு மிக்சரில் கலந்தால் வித்தியாசம் வெளியே வரும்: 0.7 கிலோஹெர்ட்ஸ். அதாவது 700 ஹெர்ட்ஸ். காது நேராகக் கேட்கக்கூடிய ஒலி. இதற்குமேல் மாற்ற எதுவும் இல்லை, பெருக்கினால் போதும். 455 கிலோஹெர்ட்ஸ் கட்டங்கள், அவற்றின் காயில்கள், திருகிச் சரிசெய்யும் வேலை, எல்லாம் போயிற்று.

யோசனை புதியதல்ல. பிரிட்டனில் கோல்புரூக் 1924-லேயே ஹோமோடைன் என்று இதன் முன்னோடியை எழுதியிருந்தார். அங்கேயே டி.ஜி. டக்கர் 1947-ல் சிங்க்ரோடைன் என்று இன்னொரு வடிவம் கொடுத்தார். இரண்டும் ஹாம்களின் மேசைக்கு வந்து நிலைக்கவில்லை.

ஏன் என்பதற்குப் பொருள்களில்தான் பதில் இருக்கிறது. ஏரியலில் வருவது மைக்ரோவோல்ட் கணக்கில். ஹெட்போனுக்குப் போவதற்குள் அதை ஒரு லட்சம் மடங்காவது பெருக்கியாக வேண்டும். நேரடி மாற்றத்தில் அந்தப் பெருக்கம் கிட்டத்தட்ட முழுவதும் ஒலி அதிர்வெண்ணிலேயே நடக்கிறது. வால்வை வைத்து அப்படிச் செய்தால் மின்சாரத்தின் ஹம் இரைச்சலும் அதே ஒரு லட்சம் மடங்கு பெருகும். பேட்டரியில் ஓடும், இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது.

இரண்டாவது இடைஞ்சல் மிக்சர். சாதாரண மிக்சரில் வலுவான ஒலிபரப்பு நிலையம் ஒன்று நுழைந்தால், ஆஸிலேட்டர் எங்கே ஓடினாலும் அதன் பாட்டும் செய்தியும் நேராக ஹெட்போனில் வந்துவிடும். ஹேவர்டும் பிங்காமும் நான்கு டயோடுகளை வளையமாக இணைத்த சமநிலை மிக்சரை எடுத்துக்கொண்டார்கள். அதில் உள்ளே வரும் ஒலிபரப்பு தன்னைத்தானே ரத்து செய்துகொள்கிறது. ஆஸிலேட்டரோடு சேர்ந்த வித்தியாசம் மட்டும் வெளியே வருகிறது. நல்ல டயோடுகள் அப்போதுதான் ஹாம்கள் வாங்கும் விலைக்கு வந்திருந்தன.

குறை இல்லாமல் இல்லை. ஆஸிலேட்டருக்கு 700 ஹெர்ட்ஸ் மேலே உள்ள நிலையமும் அதே அளவு கீழே உள்ள நிலையமும் ஒரே சுருதியில் ஒன்றாகக் கேட்கும். சூப்பர்ஹெட் அதைத் தடுத்துவிடும். ஆனால் மோர்ஸ் பழகிய காது, இரண்டு குரலுக்கு நடுவே ஒன்றைப் பிரித்தெடுக்கத் தெரிந்த காது. பல ஹாம்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இதில் இன்னொரு வசதி ஒளிந்திருந்தது. ரிசீவரின் ஆஸிலேட்டர், அனுப்ப வேண்டிய அதிர்வெண்ணிலேயே ஓடுகிறது. அதே ஆஸிலேட்டரைக் கொஞ்சம் நகர்த்திப் பெருக்கினால் டிரான்ஸ்மிட்டர் தயார். ஒரே பெட்டி, ஒரே பேட்டரி.

69 டாலர் 95 சென்ட்

கம்பெனிகள் சீக்கிரம் மோப்பம் பிடித்தன. டென்னசி மாநிலத்தின் செவியர்வில் நகரில் 1968-ல் தொடங்கிய டென்-டெக், சில ஆண்டுகளுக்குள் பவர்-மைட் என்ற சிறிய செட்டையும், பேச்சும் அனுப்பக்கூடிய 5 வாட் ஆர்கோனாட்டையும் விற்றது.

கூட்டத்தை இழுத்தது வேறொன்று. மிச்சிகனின் பென்டன் ஹார்பரிலிருந்து ஹீத் கம்பெனி 1972-ல் எச்.டபிள்யூ.-7 கிட்டைக் கொண்டுவந்தது. விலை 69.95 டாலர். பாகங்களும் சர்க்யூட் பலகையும் கையேடும் பெட்டியில் வரும். வாங்கியவர் சால்டர் வைத்துக் கட்ட வேண்டும். 40, 20, 15 மீட்டர் என மூன்று அலைவரிசைகள், மூன்று பொத்தான்கள். உள்ளே செலுத்தும் சக்தி அலைவரிசையைப் பொறுத்து 2 முதல் 3 வாட். 13 வோல்ட் பேட்டரியில் ஓடியது. ஸ்பீக்கர் கிடையாது.

வெளிப்படையாகச் சொன்னால் அது சுமாரான செட். ஹேவர்டும் பிங்காமும் வலியுறுத்திய டயோடு வளையத்தைப் போடாமல், ஒற்றை மாஸ்ஃபெட்டை மிக்சராக வைத்துச் செலவைச் சுருக்கியிருந்தது ஹீத். விளைவு தெரிந்ததே. இரவானால் சிற்றலை ஒலிபரப்புகள் அழைக்காமலே உள்ளே வந்தன. பெட்டியைத் தட்டினால் ஹெட்போனில் மணி அடித்தது. வீட்டு மின்சாரத்தில் ஓட்டினால் ஹம்.

இந்தக் குறைகள்தான் அதன் பெரிய உதவி. 69 டாலர் செட்டைத் திறந்து நோண்ட யாரும் பயப்படவில்லை. தானே சால்டர் வைத்த பலகை வேறு. மிக்சரை மாற்றியவர்கள், ஒலி வடிகட்டி சேர்த்தவர்கள், ஆஸிலேட்டரை இறுக்கிக் கட்டியவர்கள் எல்லோரும் செய்ததைப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். விலையுயர்ந்த செட்டின் மூடியைத் தொடாத ஒரு தலைமுறை, இங்கே மூடியைத் திருப்பிப் போடவே மறந்துபோனது. பின்னால் வந்த எச்.டபிள்யூ.-8-ல் ஹீத்தும் சமநிலை மிக்சருக்கு மாறியது.

சூரியன் கைவிட்ட ஆண்டுகள்

இதற்கிடையில் மேலே ஒன்று நடந்துகொண்டிருந்தது.

சிற்றலைகள் உலகைச் சுற்றுவது அயனிமண்டலத்தின் தயவில். அயனிமண்டலத்தின் வலு சூரியக் கரும்புள்ளிகளின் தயவில். கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். ஹேவர்டு–பிங்காம் கட்டுரை அச்சான 1968-ன் இறுதி அந்தச் சுழற்சியின் உச்சம். அப்போது 10, 15 மீட்டர் அலைகள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். அரை வாட் கூடக் கண்டம் தாண்டும்.

அடுத்த ஆண்டுகளில் அது இறங்கத் தொடங்கியது. 1976-ல் அடிமட்டம். 10 மீட்டர் பெரும்பாலான நாட்கள் ஊமையாகக் கிடந்தது. 15 மீட்டர் அரைகுறை.

குறைசக்தி ஒரு மோகம் மட்டுமாக இருந்திருந்தால் இந்த எட்டு ஆண்டுகளில் அது அடங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. குறைசக்தி ஹாம்கள் 40 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இறங்கி, இரவில் காத்திருந்து, நல்ல ஏரியலை உயரத்தில் கட்டி, மற்றவர் அழைத்து முடிக்கும் இடைவெளியில் தங்கள் அழைப்பைச் செருகக் கற்றுக்கொண்டார்கள். குறைசக்தியைக் கைத்திறனாக மாற்றியது இந்த மோசமான காலம்.

பாதிரியாரும் பலகையும்

ஜார்ஜ் டாப்ஸ் இங்கிலாந்தில் ஆங்கிலிகன் திருச்சபைப் பாதிரியாராக இருந்தவர். 1972-ல் லேடிபேர்டு பதிப்பகத்துக்காகக் குழந்தைகளுக்கு ஒரு சிறிய புத்தகம் எழுதினார்: டிரான்சிஸ்டர் ரேடியோ கட்டுவது எப்படி. சால்டர் தேவையில்லை. மரப்பலகையில் திருகாணியும் கிண்ண வாஷரும்; பாகங்களின் கால்களை வாஷருக்கு அடியில் கொடுத்துத் திருகினால் இணைப்பு ஆயிற்று. முதலில் எளிய ஒரு ரிசீவர். பிறகு அதே பலகையில் ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பின்னாளில் மின்னணுப் பொறியாளரான பிரிட்டிஷ்காரர் பலர் தங்கள் முதல் ரேடியோ அந்தப் பலகைதான் என்பார்கள்.

1974-ல் டாப்ஸ், குறைந்த சக்தியில் ஆர்வம் உள்ளவர்கள் ஒன்றுசேரலாம் என்று அழைத்தார். ஜி-கியூ.ஆர்.பி. சங்கம் பிறந்தது; கியூ.ஆர்.பி. என்றால் ஹாம் மொழியில் குறைசக்தி. ஸ்ப்ராட் என்ற சிறு காலாண்டிதழும் உடன் வந்தது.

பிரிட்டனில் மண் பதமாகவே இருந்தது. அங்கே உரிமத்தின் உச்ச எல்லையே 150 வாட்தான். ஸ்ப்ராட்டில் கட்டுரை நீளாது: ஒரு சர்க்யூட், பாகப் பட்டியல், காயில் சுற்றும் கணக்கு, வேலை செய்ததா இல்லையா என்று இரண்டு வரி. அனுப்புபவர் தேர்ந்த பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒருவரின் சர்க்யூட்டை அடுத்த இதழில் இன்னொருவர் இரண்டு பாகம் குறைத்துக் காட்டுவார்.

சங்கம் இன்னொன்றையும் கெட்டிப்படுத்தியது: எல்லை. மோர்ஸில் 5 வாட். 100 வாட்டில் தொடங்கிய அமெரிக்கச் சங்கமும் பின்னர் 5-க்கே இறங்கி வந்தது. 7030, 14060 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் ஐரோப்பாவில் குறைசக்தி ஹாம்கள் ஒருவரை ஒருவர் தேடும் இடங்களாயின. ஆயிரம் வாட்காரர் தற்செயலாக அங்கே வந்து அழைத்தால் மென்மையாகச் சொல்லி அனுப்பிவைப்பார்கள். மென்மையாக இல்லாமலும்.

மே 1976

கரும்புள்ளிகள் அடியில் கிடந்த அந்த ஆண்டின் மே மாதக் கியூ.எஸ்.டி.யில், அதன் தொழில்நுட்ப ஆசிரியர் டக் டிமா ஒரு டிரான்ஸ்மிட்டரை வெளியிட்டார். பெயர் டூனா டின் 2.

பெயரில் உள்ள டூனா நிஜமான சூரை மீன். மீனைத் தின்றுவிட்டுக் கழுவிய டப்பாதான் சேசிஸ். டப்பாவின் மேல் ஒரு சர்க்யூட் பலகை, அதன்மேல் இரண்டு 2என்2222ஏ டிரான்சிஸ்டர்கள். ஒன்று கிரிஸ்டல் ஆஸிலேட்டர், இன்னொன்று பெருக்கி. வெளியே வரும் சக்தி அரை வாட்டுக்கும் குறைவு. கிரிஸ்டல் எந்த அதிர்வெண்ணோ அதிலேயே அனுப்பும், நகர்த்த முடியாது. யாராவது அந்தப் பக்கம் வரும்வரை அழைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. ஹாம்கள் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்ற புலம்பல் அப்போது எங்கும் கேட்டது. பாகம் கிடைக்கவில்லை என்பது வழக்கமான சாக்கு. ஆகவே ஊருக்கு ஊர் இருந்த ரேடியோ ஷாக் கடையில் தொங்கும் பாகங்களையே டிமா எடுத்தார். காயிலுக்குத் தனி அச்சு தேடவில்லை; கடையில் விற்ற சோக்கை வாங்கி, அதன் கம்பியைப் பிரித்துவிட்டு வேண்டிய சுற்றுகளைச் சுற்றினார். சாக்கு அடிபட்டது.

அட்லாண்டிக்கின் இருபுறமும் டப்பாக்கள் காலியாயின. ஒரு வாட்டுக்கு ஆயிரம் மைல் வீதம் போனவர்களுக்கு அமெரிக்கச் சங்கம் சான்றிதழ் தந்துகொண்டிருந்தது. அரை வாட்காரருக்கு 500 மைல் போதும். டூனா டின்காரருக்கு அதைவிடவும் குறைவு. பக்கத்து மாநிலம் பதில் சொன்னாலே சான்றிதழ் கையில்.

டிமா கட்டிய முதல் டப்பாவுக்கு ஒரு உபகதை உண்டு. லீகின் தலைமையகத்திலிருந்து அது எப்படியோ காணாமல் போனது. பல ஆண்டுகள் கழித்து, ஹாம்களின் பழம்பொருள் சந்தை ஒன்றில், மேசைக்கடியில் கிடந்த காயலான் பெட்டிக்குள் லீகின் ஆய்வக ஊழியர் ஒருவர் கண்ணில் பட்டது. அவர் அதைத் தட்டி எழுப்பி மறுபடி அலைவரிசைக்குக் கொண்டுவந்தார். இரண்டே டிரான்சிஸ்டர் கொண்ட கருவியில் கெட்டுப்போக அதிகம் இல்லை.

1977: எல்லாம் ஒரே புத்தகத்தில்

மறு ஆண்டு ஹேவர்டும் டிமாவும் சேர்ந்து எழுதிய சாலிட் ஸ்டேட் டிசைன் ஃபார் தி ரேடியோ அமெச்சூர் வெளிவந்தது. வெளியிட்டது லீக். அதுவரை வந்த ஹாம் கையேடுகள் சமையல் குறிப்பு மாதிரி: சொன்னபடி செய், வரும். இந்தப் புத்தகம் ஏன் அந்த மதிப்பு, மாற்றினால் என்ன ஆகும், எப்படி அளப்பது என்று காரணத்தோடு சொன்னது. ஹேவர்டு மலையேறுபவர், முதுகுப் பையில் வைத்துக்கொண்டு போகும் செட்டுகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. அச்சில் இல்லாத காலத்தில்கூட அதைத் தேடி அலைந்தார்கள்.

1968-ல் இருந்த தடை 1977-ல் இல்லை. ரிசீவர் கைக்கு அடங்கியது. 1 வாட் கடல் தாண்டும் என்பது கெட்ட சூரியனிலும் நிரூபணம் ஆகிவிட்டது.

ஆனால் இந்த வெற்றியின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. சர்க்யூட்டுகள் எளிமையானவைதான்; பாகங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டுமே எளிமையாகக் கிடைத்தன. நேர்த்தியான காயில் சுற்றத் தேவையான டொராய்டு வளையம், அங்கே தபாலில் சில சென்ட். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த அன்றைய இந்தியாவில் அது கிடைத்தற்கரிய பொருள். அதோடு, சாதித்ததில் பெரும்பங்கு மோர்ஸில். பேச்சை அனுப்ப ஒற்றைப் பக்கப்பட்டை முறை வேண்டும். அதற்குக் கிரிஸ்டல் வடிகட்டி வேண்டும். அதன் விலை மொத்தச் செட்டின் விலையை விழுங்கிவிடும்.

டொராய்டும் இல்லை, விலைக்கு வாங்கும் வடிகட்டியும் இல்லை என்ற ஊரில், குரலை அனுப்பும் செட்டை ஒருவர் எதைக் கொண்டு கட்டுவார்? 2000களின் தொடக்கத்தில் ஹைதராபாத்திலிருந்து வந்த விடையின் பாகப் பட்டியலில் தண்ணீர்க் குழாய் வாஷரும் ஒன்று.

(அடுத்த வாரம்: பிட்எக்ஸ்)